ஸ்கூட்டருக்கு ஒரு சைடு பை மாட்டுங்க: கொஞ்சம் நீளமான இழை

மக்களே, இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல. ஒரு பையைப் பத்தி. ஸ்கூட்டர்ல பின் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்குமே, அந்த சைடு பை.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டில ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்க, எவ்வளவு வேலைன்னு தெரியும்.

விபத்துன்னா பைபாஸ்ல லாரி மோதுறதுன்னுதான் நம்ம மனசுல ஓடும். அதுவும் வருது. ஆனா கடை கண்ணிக்குப் போற நேரத்துல இன்னொரு வகை வரும். ஒரு மணிக்கட்டை இன்னொரு கையால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, முழங்கால் சிராய்ப்போட, சேலையில ஒட்டின மண்ணோட, நடந்தே உள்ள வருவாங்க.

"எப்படிம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர், மார்க்கெட் போயிட்டு வந்தேன். திரும்புறப்ப வண்டி சாஞ்சிருச்சு."

யாரும் மோதல. வேகமும் கிடையாது. வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி, தெரிஞ்ச திருப்பம், தெரிஞ்ச மண்ணு. "பையை எங்க மாட்டியிருந்தீங்க?"ன்னு கேட்டா பெரும்பாலும் வர்ற பதில், "ஹேண்டில்லதான்."

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்கூட்டர்ல சாமான் வாங்கப் போற எல்லார் வண்டியிலயும் சைடு பை இருக்கணும். ஹேண்டில்ல கட்டைப்பை மாட்டுற பழக்கம் போகணும். ஆனா அந்தப் பையைத் தப்பா மாட்டினா, பை இல்லாம இருக்கிறதைவிட மோசம். அதனால எப்படி மாட்டணும்ங்கிறதுக்குத்தான் இந்த இழையில பாதிக்கு மேல.

ஹேண்டில்ல என்ன பிரச்சினை?

டிக்கில இருக்கிற எடை வண்டியோட சேர்ந்து நகரும். ஹேண்டில்ல தொங்குற எடை நேரா ஸ்டீயரிங் மேல உட்காரும். 4 கிலோ காய்கறியை வலது பக்கம் மட்டும் மாட்டிட்டு ஓட்டிப் பாருங்க. நேர் ரோட்ல ஒண்ணும் தெரியாது, கை தானா சமாளிச்சுக்கும். ஸ்பீடு பிரேக்கர்ல பை முன்னும் பின்னும் ஆடும். திருப்பத்துல வெளிய வீசும். ஹேண்டிலை முழுசா ஒடிக்கிற இடத்துல, அதாவது யூ டர்ன்லயும் வீட்டு கேட் முன்னாடியும், பை உங்க முட்டிக்கும் வண்டிக்கும் நடுவுல சிக்கிக்கும். ஹேண்டில் திரும்பாது. வண்டி மட்டும் சாயும்.

ஸ்கூட்டர் சக்கரம் சின்னது, 10 அங்குலம், 12 அங்குலம். பைக் சக்கரம் தாண்டிப் போயிடற குழியில இது இறங்கும். அந்த நேரத்துல ஹேண்டில் உங்க பேச்சைக் கேட்கணும். 4 கிலோ தக்காளி பேச்சைக் கேட்டா கதை முடிஞ்சது.

முன்பக்கம் முழங்காலுக்கு நேரா ஒரு கொக்கி இருக்குமே, அது பரவாயில்ல. அது பாடியோட சேர்ந்தது, ஹேண்டிலோட திரும்பாது. ஆனா அதுக்கும் கம்பெனியே ஒரு அளவு போட்டிருக்கு. மேனுவலைத் திறந்து பாருங்க, நிறைய வண்டிகள்ல அது சில கிலோதான். ஒரு லிட்டர் பால் பாக்கெட்டே ஒரு கிலோவுக்கு மேல. அந்தக் கொக்கி மருந்துக்கடை கவருக்கும் கீரைக்கட்டுக்கும் வச்சது. நம்ம அதுல தேங்காய், எண்ணெய், துவரம்பருப்பு எல்லாத்தையும் மாட்டி, பத்தாததுக்கு ஹேண்டில் ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு பை.

இன்னொரு இடம் கால் வைக்கிற பலகை. அது கால் வைக்கத்தான். அங்க மூட்டையை வச்சுட்டா கால் ரெண்டும் வெளிய விரிஞ்சு நிக்கும். வண்டி சாயுறப்ப காலை ஊன்ற எடுத்துக்கிற அந்த ஒரு நொடியே போதும். இதுல பல வீடுகள்ல மூட்டைக்கு மேல குழந்தை வேற நிக்குது. பிரேக் அடிச்சா குழந்தையோட வயிறும் நெஞ்சும் நேரா ஹேண்டில்லயும் முன் பாடிலயும் போய் மோதும். வெளிய ஒரு கீறல்கூட இருக்காது. உள்ள மண்ணீரலோ கல்லீரலோ கிழிஞ்சிருக்கலாம். ஹேண்டில் வயித்துல இடிச்சு வர்ற குழந்தை சிரிச்சுக்கிட்டே இருந்தாலும் நாங்க உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், ஸ்கேன் எடுத்து, வார்டுல வச்சுப் பார்ப்போம்.

இப்ப மணிக்கட்டுக்கு வர்றேன், இதுதான் நான் அதிகமாப் பேச விரும்புற இடம். விழும்போது எல்லாரும் கையை ஊன்றுவோம். அது அனிச்சைச் செயல், தடுக்க முடியாது. மொத்த உடம்பு எடையும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற எலும்புல இறங்கும். மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறையும். அந்த வயசுல, நின்ன இடத்துல வழுக்கி விழுந்தாலே அந்த எலும்பு உடையும். வண்டி வேகமாப் போயிருக்கணும்னு அவசியமே இல்ல.

உடைஞ்சா சுமாரா 6 வாரம் மாவுக்கட்டு. சில பேருக்குக் கம்பியோ பிளேட்டோ வேணும். கட்டைப் பிரிச்சதும் விரல் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது, அதுக்குப் பிசியோதெரபி. 6 வாரத்துக்கு மாவு பிசைய முடியாது, தலை வார முடியாது, துணி பிழிய முடியாது. கட்டிட வேலைக்கோ டெய்லரிங்குக்கோ போற அம்மாவா இருந்தா 6 வாரக் கூலி போச்சு. ஆஸ்பத்திரில வைத்தியம் இலவசம். அந்தக் கூலியை யார் தருவாங்க?

நடுவுல ஒண்ணு. விழுந்து கை வீங்கினா முதல் வேலை வளையலையும் மோதிரத்தையும் கழட்டுறது. வீக்கம் ஏறிட்டா வெட்டித்தான் எடுக்கணும். புத்தூர் கட்டு போடற இடத்துக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே எடுங்க. விரல் மரத்துப்போனாலோ, வெளுத்தோ நீலமாவோ மாறினாலோ அன்னைக்கு ராத்திரியே வாங்க, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.

சரி, பைக்கு வருவோம்.

எடையை ரெண்டு பக்கமும் சமமா, தாழ்வா தொங்கவிடணும்ங்கிறது புதுசா யாரும் கண்டுபிடிச்சது இல்ல. பொதிமாட்டு முதுகுலயும் கழுதை முதுகுலயும் அப்படித்தான் ஏத்தினாங்க. தோள்ல தூக்குற காவடியும் அதே கணக்குதான். இன்னைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்ல பால் கேன் கொண்டு போறவரைப் பாருங்க. பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, நடுவுல கம்பி ஃபிரேம். சுமை தூக்கிப் பிழைக்கிறவங்களுக்கு இது தெரியும். அலுவலகம் போயிட்டு வர்ற வழியில காய் வாங்குற நம்மளுக்குத்தான் மறந்துபோச்சு.

"பால்காரர் வண்டி மாதிரி இருக்கும் டாக்டர்"னு ஒருத்தர் முகத்தைச் சுளிச்சார். இருக்கட்டுமே. அவர் தினமும் விடியக்காலையில இருட்டுல அவ்வளவு பாலோட போயிட்டு விழாம வீடு திரும்புறார்.

எந்தப் பை?

ஆக்சஸரீஸ் கடையில சைடு பேக்னு கேட்டா ரெண்டு பையை நாடாவால இணைச்ச மாதிரி ஒண்ணு காட்டுவாங்க. நிறைய மாடல் பைக்குக்காகச் செஞ்சது. அதை வாங்கி ஸ்கூட்டர்ல போட்டா ரொம்பக் கீழே தொங்கும். அதைவிட நல்ல வழி உங்க ஊர்லயே இருக்கு. வண்டிக்கு சீட் கவர் தைக்கிற கடை. வண்டியோட போங்க, அளவெடுத்துத் தைக்கச் சொல்லுங்க. கேன்வாஸோ கனமான ரெக்சினோ போதும். நாடா மட்டும் ஸ்கூல் பை நாடா மாதிரி இருக்கக்கூடாது, அகலமா, பையோட அடிவரைக்கும் சுத்தி வந்து தைச்சதா இருக்கணும். பையோட வாயில மட்டும் நாடாவைத் தைச்சா ரெண்டு மாசத்துல தையல் விட்டுடும்.

உள்பக்கம், அதாவது சக்கரத்தைப் பார்க்கிற பக்கம், ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ மெல்லிய பிளைவுட்டோ வச்சுத் தைக்கச் சொல்லுங்க. இதை மட்டும் விட்டுடாதீங்க. வெறும் துணிப் பை எடை ஏறினதும் தொப்பை போடும், உள்பக்கமும் போடும். உள்பக்கம் இருக்கிறது சுத்துற சக்கரம்.

அளவு எப்படி எடுக்கணும்? இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, பை சைலன்சருக்கு மேல நாலு விரல் தள்ளி இருக்குன்னு திருப்தியா கிளம்பிடுவாங்க. ஸ்கூட்டர்ல எஞ்சின், பின் சக்கரம், சைலன்சர் மூணும் ஒரே கட்டா ஷாக் அப்சார்பர்ல தொங்குது. பை தொங்குறது பாடியில. குழியில இறங்கும்போது சக்கரமும் சைலன்சரும் சேர்ந்து மேல ஏறும். நிக்கும்போது இருந்த நாலு விரல் இடைவெளி ஓடும்போது இருக்காது. அதனால ரெண்டு பேரை வண்டி மேல உட்கார வச்சு, நல்லா அழுத்திக் குலுக்கச் சொல்லி, அப்ப கீழே குனிஞ்சு இடைவெளியைப் பாருங்க. அப்பவும் சைலன்சர்ல படாம, சக்கரத்துல உரசாம இருந்தா அதுதான் சரியான அளவு.

நம்ம ஊர் பெட்ரோல் ஸ்கூட்டர்கள்ல சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். ரெக்சின் அதுல பட்டா உருகும், அதுக்கப்புறம் உள்ள இருக்கிற அரிசிப் பை. இடது பக்கம் கிக்கர் இருக்கிற வண்டியா இருந்தா, அது முழுசா கீழே போயிட்டு வர இடம் விடணும். எஞ்சினுக்குக் காத்துப் போற துவாரத்தை மூடக்கூடாது. மின்சார ஸ்கூட்டருக்கு சைலன்சர் கவலை இல்ல, ஆனா சக்கரக் கவலை அப்படியே இருக்கு.

பையோட முன் விளிம்பு உங்க குதிகால்ல இடிக்கக்கூடாது. பின் விளிம்பு இண்டிகேட்டரை மறைக்கக்கூடாது. பின்னால வர்ற பஸ் டிரைவருக்கு நீங்க திரும்பப் போறது தெரியணும்ல. ஒளிரும் ஸ்டிக்கர் பட்டை ஒண்ணு பையோட பின்பக்கம் ஒட்டிடுங்க.

அடுத்தது நாடா போற வழி. சீட்டுக்கு மேல போட்டா சீட்டைத் திறக்க ஒவ்வொரு தடவையும் பையைக் கழட்டணும். பழைய ஆக்டிவா மாதிரி சீட்டுக்கு அடியில பெட்ரோல் மூடி இருக்கிற வண்டிக்காரங்க பங்க்ல கஷ்டப்படுவாங்க. 2020ல வந்த 6ஜி மாடல்ல இருந்து மூடி வெளிய வந்துடுச்சு, அவங்களுக்கு டிக்கிக்காக மட்டும்தான். சீட்டுக்கு அடியில நாடாவை விட்டா பார்க்க அழகா இருக்கும், ஆனா நாடா தடிமனா இருந்தா சீட் சரியா பூட்டாது. பூட்டின சத்தம் கேட்டாலும் கையால தூக்கிப் பார்த்து உறுதி பண்ணுங்க. எனக்குப் பிடிச்சது பக்கிள் வச்சு மேல போடறது. ரெண்டு கிளிக்ல கழண்டு வரணும்.

மேல மட்டும் கட்டினா பத்தாது. பை ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு நாடா, பின்னால இருக்கிற கைப்பிடிக் கம்பிக்கோ ஃபுட்ரெஸ்ட் ஸ்டாண்டுக்கோ போகணும். அது இல்லாட்டி திருப்பத்துல பை வெளிய பறந்துட்டு உள்ள வந்து இடிக்கும். கட்டின பிறகு மிச்சம் தொங்குற நாடா நுனியை வெட்டிடுங்க, இல்ல மடிச்சுத் தைங்க. துப்பட்டா சக்கரத்துல சுத்துற மாதிரிதான் நாடாவும் சுத்தும்.

கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு வேண்டாம்னு சொல்வேன். இழுத்து மாட்டும்போது கொக்கி நழுவித் தெறிச்சா நேரா கண்ணுக்குத்தான் வரும். கண் டாக்டர்களைக் கேட்டுப் பாருங்க, இந்தக் காயம் பத்திச் சொல்வாங்க. சைக்கிள் டியூபை வெட்டின கயிறு இதைவிட எவ்வளவோ மேல்.

இப்ப பெரிய சிக்கல். பின்னால ஆள் உட்கார்ந்தா?

நம்ம ஊர்ல அம்மாவும் பாட்டியும் சேலை கட்டிட்டு ஒருபக்கமாத்தான் உட்காருவாங்க, ரெண்டு காலும் இடது பக்கம். இடது பை இருக்கிற அதே இடம். பை மேல காலைப் போட்டு உட்கார்ந்தா ஃபுட்ரெஸ்ட்ல கால் எட்டாது. கால் ஊன்றாம ஒருபக்கமா உட்கார்ந்து போறது மாதிரி ஆபத்து வேற இல்ல. பிரேக் அடிச்சா பிடிமானமே கிடையாது, பின்பக்கம் சாஞ்சு தலை அடிபடும். அதனால பின்னால ஆள் ஏறுற அன்னைக்கு பையைக் கழட்டிடுங்க. பக்கிள் வைக்கச் சொன்னது இதுக்குத்தான். வசதி பார்த்து பையை விட்டுட்டு பாட்டியை ஒட்டி உட்கார வைக்காதீங்க. இந்த ஒரு விஷயத்துல சைடு பை தோத்துப் போகுதுன்னு ஒத்துக்கிறேன். தனியா கடைக்குப் போற வண்டிக்குத்தான் இது முழு விடை.

இங்க ஒரு கோபம் உண்டு எனக்கு. பின்னால உட்காருறவங்க துணி சக்கரத்துல சிக்காம பின் சக்கரத்துல பாதியாவது மூடுற தடுப்பு இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. நம்ம சேலை கார்டுன்னு சொல்றது அதைத்தான். நல்ல விதி. சேலையை யோசிச்ச சட்டம், அந்தச் சேலை கட்டினவங்க கையில இருக்கிற பையை யோசிக்கல. இந்த ஊர்ல ஸ்கூட்டர் வாங்குறவங்க அதுல காய் வாங்கப் போவாங்கன்னு கம்பெனிகளுக்குத் தெரியாதா? விளம்பரத்துல எல்லாம் சிரிச்சுக்கிட்டே பை நிறைய காயோடதானே காட்டுறாங்க. பையைக் கட்ட பாடியில நாலு வளையம், தாங்க ஒரு கம்பி. கம்பெனியிலயே வச்சுக் கொடுத்தா என்ன? ஷோரூம்ல எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்னு நம்ம தலையில கட்டுற கால் மேட், குரோம் பட்டை, கண்ணாடிக்கு ஒரு அலங்காரம், இதுல ஒண்ணாவது யாரையாவது விழாம காப்பாத்துமா? அடுத்த தடவை வண்டி எடுக்கும்போது அதெல்லாம் வேண்டாம், பை மாட்ட கம்பி வச்சுத் தாங்கன்னு கேளுங்க. நிறைய பேர் கேட்டாத்தான் வரும்.

எவ்வளவு ஏத்தலாம்? தைச்ச பைக்கு என் கணக்கு ஒரு பக்கம் 5 கிலோ, ரெண்டு பக்கமும் சேர்த்து 10. அதிக கனமானதை முதல்ல டிக்கில வைங்க, அடுத்து பையோட அடியில, முடிஞ்ச வரைக்கும் முன்பக்கமா. கனத்தைப் பின்னால தள்ளத் தள்ள முன் சக்கரம் லேசாகும், ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அரிசி, இன்னொரு பக்கம் பொரிப் பாக்கெட்டுன்னு போடாதீங்க. கடையிலயே நின்னு ரெண்டு பையையும் கையில தூக்கிப் பார்த்துப் பிரிங்க.

பின் டயர் காத்தும் பாருங்க. ஆக்டிவாவுக்கு முன்னால 22, பின்னால தனியாப் போனா 29, ஆள் ஏத்தினா 36 பிஎஸ்ஐ. மத்த வண்டிகளுக்கும் மேனுவல்லயோ வண்டியில ஒட்டின ஸ்டிக்கர்லயோ இதே மாதிரி ரெண்டு எண் போட்டிருப்பாங்க. காத்து கம்மியா இருக்கிற பின் டயர்ல சுமையும் ஏறினா திருப்பத்துல வண்டி நெளியும்.

சைடு பையில வைக்கவே கூடாத சாமான் இருக்கு. கேஸ் சிலிண்டர்: உள்ள 14.2 கிலோ கேஸ், இரும்போட சேர்த்துத் தூக்கினா 30 கிலோ பக்கம் வரும். ஸ்கூட்டர்ல எந்த இடத்துலயும் அதுக்கு இடம் இல்ல, வீட்டுக்கு வந்து போடச் சொல்லுங்க. 20 லிட்டர் தண்ணி கேனும் அப்படித்தான், தண்ணி உள்ள ஆடும்போது வண்டியும் ஆடும். 25 கிலோ வரைக்கும் பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகள்ல 26 கிலோ மூட்டை வந்துச்சே, அதை அப்படியே தூக்கி கால் பலகையில வைக்கிறாங்க. அரிசிக்கடைக்காரர்கிட்ட டெலிவரி கேளுங்க, பெரும்பாலும் தருவாங்க.

ரேஷன் அரிசி 20 கிலோ வாங்குற அன்னைக்கு? டெலிவரி கிடையாது, ஆட்டோவுக்குக் காசு கொடுக்க மனசு வராது, புரியுது. கனமான கேன்வாஸ் பையா இருந்து தையலும் நல்லா இருந்தா 10, 10ஆ பிரிச்சு ரெண்டு பக்கமும் போட்டு, பின்னால யாரையும் ஏத்தாம, மெதுவா வாங்க. மாசத்துக்கு ஒரு தடவை. அது தினசரி அளவு கிடையாது.

டாக்டரா இன்னும் ரெண்டு விஷயம் சொல்லாம விட முடியாது.

ஒண்ணு, பூச்சிமருந்தும் சாப்பாட்டுச் சாமானும் ஒரே பையில வரக்கூடாது. கிராமத்துல உரக்கடையும் மளிகைக்கடையும் ஒரே நடையில முடிப்பாங்க. மூடி லேசா கசிஞ்சாக்கூட சாக்கு வழியா அரிசியில இறங்கும், கழுவினா போயிடும்னு நம்ப முடியாது. பாத்ரூம் ஆசிட்டும் அப்படித்தான். ரெண்டு பை இருக்கிறதோட வசதியே இதுதான்: இடது சாப்பாட்டுக்கு, வலது மத்ததுக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. பூச்சிமருந்தை வலது பையிலயும் தனியா ஒரு டப்பாவுக்குள்ள வைங்க, வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதல்ல எடுத்துப் பூட்டணும். பையில மறந்துட்டா எட்டற உயரத்துல குழந்தை இருக்கு.

ரெண்டாவது, இன்சுலின். மாசா மாசம் ஆஸ்பத்திரில வாங்குற குப்பியை டிக்கில போட்டுட்டு, வழியில மூணு வேலையை முடிச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. டிக்கிக்குக் கீழே எஞ்சின். வெயில்ல நிறுத்தின வண்டி வேற. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில இருக்க வேண்டிய பொருள். சூட்டுல அதோட வீரியம் குறையும், பார்க்க அப்படியேதான் இருக்கும். அப்புறம் "ஊசி ஒழுங்காப் போடறேன், சுகர் இறங்க மாட்டேங்குது"ன்னு வருவாங்க. டிக்கியும் வேண்டாம், சைலன்சர் பக்கத்துப் பையும் வேண்டாம். ஈரத்துணி சுத்தின சின்ன டப்பால போட்டு இடது பையில மேலாக வைங்க, ஆஸ்பத்திரில இருந்து நேரா வீட்டுக்குப் போங்க. மளிகையை அப்புறம் பார்த்துக்கலாம்.

"பையைத் திருடிட்டுப் போயிடுவாங்களே?" காலி ரெக்சின் பையை யாரும் சீண்ட மாட்டாங்க, சாமானோட விட்டுட்டுப் போகாதீங்க. "மழை பெஞ்சா?" அடியில ரெண்டு சின்ன ஓட்டை போட்டு வளையம் அடிச்சுடுங்க, தண்ணி வடிஞ்சிடும். உள்ள ஒரு மஞ்சப்பையைப் போட்டு அதுல சாமானை வச்சா வீட்டுக்குள்ள அப்படியே தூக்கிட்டும் போயிடலாம். "நெரிசல்ல இடிக்குமே?" இடிக்கும். ஹேண்டில் அகலத்துக்குள்ள பை அடங்குற மாதிரி தைங்க. ஹேண்டில் நுழையுற சந்துல பையும் நுழையும்.

வெளிய, மரத்தடியில நிறுத்துற வண்டின்னா காலையில பைக்குள்ள கையை விடறதுக்கு முன்னாடி வெளிய இருந்து நாலு தட்டு தட்டுங்க. தேளும் பூரானும் இருட்டான மடிப்பைத் தேடித்தான் வரும். மழைக்காலத்துல பாம்பும்.

பை மாட்டிட்டீங்க. உடனே சந்தைக்குப் போகாதீங்க. சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி இடது பக்கம் சாயும், அந்த நிலையில இடது பையை நிரப்பினா மொத்தமா படுத்துடும். எப்பவும் சென்டர் ஸ்டாண்ட் போட்டுத்தான் ஏத்தணும், இறக்கணும். முதல் நாள் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கிலோ போட்டு, காலியான தெருவுல ஒரு ரவுண்டு. ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு யூ டர்ன், ஒரு திடீர் பிரேக். இறங்கி வந்து பையோட உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்க. தேய்ஞ்ச கோடு இருந்தா சக்கரம் உரசுது, சூடா இருந்தா சைலன்சர். திரும்ப சீட் கவர் கடைக்குப் போய் ரெண்டு அங்குலம் ஏத்தித் தைக்கச் சொல்லுங்க. ஒரு வாரத்துக்கு வண்டி எடுக்கும்போதெல்லாம் நாடாவை இழுத்துப் பாருங்க, புது நாடா முதல்ல தளரும்.

ஹெல்மெட்டைச் சொல்லவே இல்லையேன்னு பார்க்கிறீங்களா? கடைக்குப் போறப்ப அது கண்ணாடியில தொங்கிட்டு வரும், அதுவும் ஹேண்டில்ல ஏறுற எடைதான். தலையில போட்டா அந்த எடையும் குறையும். முனைக் கடைக்குன்னாலும் சரி. 4 வயசு தாண்டின குழந்தைக்கும் சட்டப்படி ஹெல்மெட் வேணும், 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் பெல்ட் ஹார்னஸோட ஹெல்மெட்டும் வேணும்.

உங்க வண்டி எது, பின்னால யார் எப்படி உட்காருவாங்கன்னு எழுதிக் கேளுங்க, பை அளவு பத்தித் தெரிஞ்சதைச் சொல்றேன். மணிக்கட்டு வலின்னா இங்க போட்டோ போடாதீங்க, எக்ஸ்ரே எடுக்க நேர்ல வாங்க.